பன்றியும் பந்தியும்

கதை எழுதுகிறவனுக்கு ஒரு வில்லன் அவசியம். வில்லன் இல்லாமல் நாலு அத்தியாயம் ஓட்டுவதற்குள் என்னைப் போன்றவர்களுக்கு மூச்சு முட்டிப் போகும். ஆனாலும் இத்தனை வருஷ எழுத்தில் ஒரு பன்றியை வில்லனாக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதில்லை. 1914-ம் வருஷக் கடைசியில் ஜெர்மனியில் பெரிய பெரிய பேராசிரியர்கள் ஒன்றுகூடி உட்கார்ந்து அந்தக் காரியத்தைச் செய்தார்கள். மறு வருஷம் லட்சக்கணக்கான பன்றிகள் வெட்டப்பட்டன. சரித்திரத்தில் அதற்குப் 'பன்றிக் கொலை' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

இதைப் படித்தபோது முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. மேலே படிக்கப் படிக்கச் சிரிப்பு அடங்கிப் போயிற்று. அந்தப் பேராசிரியர்கள் கேட்ட கேள்வி அசட்டுக் கேள்வி அல்ல. ஒரு தேசத்தில் விளைகிற தானியம் முதலில் யாருக்கு, மனிதனுக்கா பிராணிக்கா? முதல் பந்தியில் யார் உட்காருவது? இந்தக் கேள்விக்கு ஐரோப்பா நூறு வருஷமாக மாற்றி மாற்றிப் பதில் சொல்லி வருகிறது. இன்றைக்கும் பிரஸ்ஸல்ஸ் நகரத்து அதிகாரிகள் 'புரதக் கொள்கை' என்று ஒரு பெயர் வைத்து இதையேதான் விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள். பெயர்தான் புதிது, பந்தி பழையதுதான்.

ரசாயனப் புத்தகத்தோடு எனக்கிருந்த பழக்கம் கல்லூரியில் இரண்டாம் வருஷத்தோடு தீர்ந்துவிட்டது. ஆகவே புரதத்தைப் பற்றி வாசகர்களுக்குப் பாடம் நடத்தப் போவதில்லை. உடம்பில் சதை வைக்கவும் தேய்ந்ததை ஈடு செய்யவும் அது வேண்டும். பருப்பிலும் பயறிலும் இருக்கிறது, தானியத்திலும் கொஞ்சம் இருக்கிறது, பாலிலும் முட்டையிலும் மாமிசத்திலும் இருக்கிறது. இவ்வளவு தெரிந்தால் போதும். இன்னொரு சின்னக் கணக்கையும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு பன்றி ஒரு கிலோ எடை ஏறுவதற்கு ஏறக்குறைய மூன்று கிலோ தானியமும் பிண்ணாக்கும் தின்கிறது. பசு புல்லைத் தின்று பால் கொடுக்கிறது. புல்லை மனிதன் தின்ன முடியாது. பன்றியோ மனிதன் தின்னக்கூடிய உருளைக்கிழங்கையும் வாற்கோதுமையையும் தின்கிறது. சாதாரணக் காலத்தில் இந்த வித்தியாசத்தை யாரும் கவனிப்பதில்லை. கடல் மூடிக்கொண்டால் கவனிக்க வேண்டியிருக்கிறது.

1914-ல் கடல் மூடிக்கொண்டது. பிரிட்டிஷ் கடற்படை ஜெர்மனியை முற்றுகையிட்டது. அதுவரை ஜெர்மனி ரஷ்யாவிலிருந்து வாற்கோதுமையும் மற்ற தேசங்களிலிருந்து பிண்ணாக்கும் தருவித்துத் தன் பன்றிகளையும் மாடுகளையும் வளர்த்து வந்தது. ரஷ்யாவோ இப்போது எதிரி. என்ன செய்வது என்று ஆராய ஒரு நிபுணர் குழு கூடியது. அதைக் கூட்டி நடத்தியவர் பால் எல்ட்ஸ்பாக்கர் என்ற சட்டப் பேராசிரியர். யுத்தத்துக்குப் பதினாலு வருஷம் முன்பு அராஜகவாதத்தைப் பற்றி ஒரு புத்தகம் எழுதிப் பெயர் வாங்கியவர். சர்க்காரே வேண்டாம் என்பவர்களைப் பற்றி ஆராய்ந்தவர், சர்க்கார் ஜனங்களின் சாப்பாட்டுத் தட்டு வரைக்கும் வர வேண்டும் என்று திட்டம் போட்டுக் கொடுத்தார்.

குழுவின் கணக்கில் தவறில்லை. பன்றிகளைக் குறைத்தால் அவை தின்னும் உருளைக்கிழங்கும் தானியமும் மனிதர்களுக்கு மிஞ்சும். மாமிசத்தை டப்பாவில் அடைத்துச் சேமிக்கலாம். 1915 வசந்த காலத்தில் சுமார் 50 லட்சம் பன்றிகள் வெட்டப்பட்டன. 90 லட்சம் வரை என்று சொல்கிறவர்களும் உண்டு.

காகிதத்தில் சரியாக இருந்த கணக்கு களஞ்சியத்துக்கு வந்தபோது தடம் புரண்டது. தானியத்துக்கும் உருளைக்கிழங்குக்கும் சர்க்கார் உச்ச விலை விதித்திருந்தது. பன்றி மாமிசத்துக்கு விதிக்கவில்லை. கிழங்கைக் கிழங்காக விற்றால் நஷ்டம், பன்றிக்குப் போட்டுப் பன்றியாக விற்றால் லாபம் என்றால் குடியானவன் எதைச் செய்வான்? கையிருப்பைக் கணக்கெடுக்க அதிகாரிகள் வந்தபோது பலர் கிழங்கை மறைத்துக் குறைத்துச் சொன்னார்கள். அந்தப் பொய்க் கணக்கைப் பார்த்துப் பயந்துதான் பன்றிகளை வெட்டச் சொன்னார்கள். வெட்டி முடித்த பிறகு மறைத்த கிழங்கு வெளியே வந்து விற்பனையாகாமல் கிடந்தது. அவசரத்தில் அடைத்த டப்பாக்களில் பல கெட்டுப் போயின. பன்றிகள் போனதோடு வயலுக்குப் போகும் எருவும் குறைந்தது.

அடுத்த வருஷம் கிழங்குப் பயிரில் நோய் விழுந்து விளைச்சல் ஏறக்குறைய பாதியாயிற்று. அப்போது வந்ததுதான் 1916-17-ன் பயங்கரமான குளிர்காலம். அதை ஜெர்மனியில் 'டர்னிப் குளிர்காலம்' என்கிறார்கள். மாட்டுக்குப் போடுகிற ஒரு மஞ்சள் கிழங்கையே ரொட்டியாகவும் கஞ்சியாகவும் ஜாமாகவும் ஜனங்கள் தின்றார்கள். ரேஷன் ஒரு நாளைக்கு ஆயிரம் கலோரி என்ற மட்டத்துக்கு இறங்கியது. யுத்தம் முடிவதற்குள் பசியினாலும் பசி கொண்டுவந்த வியாதிகளினாலும் இறந்துபோன ஜெர்மானியக் குடிமக்களைச் சரித்திர ஆசிரியர்கள் லட்சக்கணக்கில் எண்ணுகிறார்கள்.

இதோடு கதை முடிந்திருந்தால், 'பன்றியை வெட்டியது பைத்தியக்காரத்தனம்' என்று தீர்ப்பு எழுதிவிட்டுப் போகலாம். ஆனால் இரண்டு வருஷம் கழித்து, பக்கத்து வீடான டென்மார்க்கிலே அதே காரியத்தைச் செய்தார்கள். அங்கே முடிவு வேறு விதமாக இருந்தது.

டென்மார்க் ஒரு காலத்தில் தானியம் விற்ற தேசம். 1870-களில் அமெரிக்காவிலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் மலிவான தானியம் வந்து குவிந்தபோது டேனிஷ் விவசாயிகளின் பிழைப்புக்கு ஆபத்து வந்தது. அவர்கள் அழுதுகொண்டு உட்காரவில்லை. 'மலிவாகத் தானியம் வருகிறதா? வரட்டும், அதை வாங்கி மாட்டுக்கும் பன்றிக்கும் போடுவோம்' என்று தீர்மானித்தார்கள். 1882-ல் ஹியெட்டிங் என்ற கிராமத்தில் முதல் கூட்டுறவுப் பால் பண்ணை தோன்றியது. 1887-ல் ஹோர்சென்ஸ் ஊரில் முதல் கூட்டுறவுப் பன்றி மாமிசத் தொழிற்சாலை ஏற்பட்டது. ஆங்கிலேயர்களின் காலை உணவு மேஜையில் டேனிஷ் வெண்ணெயும் டேனிஷ் பேக்கனும் நிரந்தரமாக இடம் பிடித்தன. தேசம் செழித்தது. ஆனால் அந்தச் செழிப்பு கப்பலின் முதுகில் ஏறி வந்தது. தீவனம் ஒரு கப்பலில் வர வேண்டும், வெண்ணெய் ஒரு கப்பலில் போக வேண்டும்.

1917 பிப்ரவரி 1-ம் தேதி முதல் ஜெர்மனியின் நீர்மூழ்கிகள் எந்தக் கப்பலையும் முன்னறிவிப்பின்றித் தாக்கத் தொடங்கின. ஏப்ரலில் அமெரிக்கா யுத்தத்தில் இறங்கியது. நடுநிலை நாடுகளுக்குப் போகும் சரக்கையும் அது இறுக்கிப் பிடித்தது. டென்மார்க் யாரோடும் சண்டைக்குப் போகவில்லை. ஆயினும் சுமார் 30 லட்சம் ஜனங்களும் அவர்களுடைய ஏராளமான பன்றிகளும் மாடுகளும், தங்கள் மண்ணில் விளைந்ததை மட்டும் பங்கு போட்டுச் சாப்பிட வேண்டிய நிலைமை வந்துவிட்டது.

இந்த இடத்தில்தான் மிக்கெல் ஹிண்ட்ஹெடே என்ற வைத்தியர் வருகிறார். 1862-ல் மேற்கு ஜட்லாந்தில் ஒரு பண்ணையில் பிறந்தவர். அந்தக் காலத்து வைத்திய உலகத்தில் கார்ல் ஃபோய்ட் என்ற ஜெர்மன் மேதையின் வாக்குத்தான் வேதவாக்கு. உழைக்கிற ஒரு மனிதனுக்குத் தினம் 118 கிராம் புரதம் வேண்டும் என்று அவர் சொல்லியிருந்தார். அவ்வளவு புரதத்துக்கு மாமிசம் இல்லாமல் முடியாது என்பது பொது நம்பிக்கை. ஹிண்ட்ஹெடே 1895-ல் தம் உடம்பிலேயே சோதனை செய்து பார்த்தார். உருளைக்கிழங்கு, வெண்ணெய், பழம், பால் என்று சாப்பிட்டுக்கொண்டு, எப்போது பலவீனம் வரும் என்று எதிர்பார்த்துக் காத்திருந்தார். பலவீனம் வரவில்லை. 1910-ல் சர்க்கார் அவரைக் கோபன்ஹேகனில் ஓர் உணவு ஆராய்ச்சி நிலையத்துக்குத் தலைவராக்கியது. அங்கே அவருடைய உதவியாளர் ஒருவர் உருளைக்கிழங்கும் மார்கரினுமே பிரதானமாக ஏறக்குறைய 300 நாள் சாப்பிட்டுக்கொண்டு கடின வேலையும் செய்து காட்டினார்.

ஒரே விஷயத்தை இருபது வருஷமாகப் பேசிக்கொண்டிருக்கிறவரை உலகம் கொஞ்சம் கிறுக்கு என்றுதான் சொல்லும். ஹிண்ட்ஹெடேயையும் அப்படிச் சொன்னவர்கள் இருந்திருப்பார்கள். 1917-ல் அந்தக் கிறுக்கரின் கணக்குத்தான் தேசத்துக்குத் தேவைப்பட்டது.

அவர் யோசனை சுருக்கமானது. பன்றிகளைப் பெரும்பாலும் குறைத்துவிடுவது. அவற்றுக்குப் போகிற வாற்கோதுமையையும் உருளைக்கிழங்கையும் மனிதர்களுக்குத் திருப்புவது. மாவிலிருந்து சலித்துப் பிராணிக்குப் போடும் தவிட்டை ரொட்டியிலேயே சேர்த்துவிடுவது. சாராயம் காய்ச்சப் போகும் தானியத்தையும் நிறுத்துவது. பசுக்களை மட்டும் முடிந்தவரை காப்பாற்றுவது. 1914-ல் சுமார் 25 லட்சமாக இருந்த பன்றிகள் 1918-ல் 6 லட்சத்துக்கு வந்தன. பசுக்களில் மூன்றில் ஒரு பங்குதான் குறைந்தது. ரை என்ற குளிர்நாட்டுத் தானியத்தை முழுசாக அரைத்து, கோதுமைத் தவிடும் வாற்கோதுமையும் கலந்து கறுப்பு ரொட்டி சுட்டார்கள். ரேஷன் சீட்டில் அது எல்லாருக்கும் கிடைத்தது. மாமிசம் பண்ணை வைத்திருந்தவர்களுக்குக் கிடைத்தது. நகரத்து ஏழைகளுக்குக் கிடைத்தது அற்பம்.

ஜெர்மனிக்கும் டென்மார்க்குக்கும் வித்தியாசம் பன்றியில் இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. இரண்டு இடத்திலும் பன்றி செத்தது. பன்றியின் வாயிலிருந்து எடுத்த கவளம் எங்கே போயிற்று என்பதில்தான் வித்தியாசம். டென்மார்க்கில் அது ரொட்டியாகிக் குழந்தையின் தட்டுக்குப் போயிற்று. ஜெர்மனியில் அது வழியிலேயே தொலைந்தது. டென்மார்க் சின்ன தேசம், சண்டையில் இல்லாத தேசம், அதன் வாலிபர்கள் பதுங்கு குழிகளில் இல்லை என்பதையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும்.

யுத்தம் முடிந்ததும் ஹிண்ட்ஹெடே கணக்குப் பார்த்தார். 1917 அக்டோபரிலிருந்து ஒரு வருஷத்தில் மரண விகிதம் ஆயிரத்துக்கு 10.4 என்று இறங்கியிருந்தது. அதற்கு முன் இருந்த மிகக் குறைந்த அளவு 12.5. இந்தக் கணக்கை 1920-ல் அமெரிக்க வைத்தியச் சங்கத்தின் பத்திரிகையில் வெளியிட்டார். பட்டினி கிடக்க வேண்டிய வருஷத்தில் ஜனங்கள் முன்னைவிட ஆரோக்கியமாக இருந்தார்கள் என்பது அவர் வாதம்.

கதாசிரியனாக இருந்தால் இங்கே கைதட்டிவிட்டுத் திரையை இறக்கிவிடலாம். சரித்திரம் அவ்வளவு சுலபமாக விடுவதில்லை. அதே 1917-ல் 'ஸ்னாப்ஸ்' என்ற டேனிஷ் சாராயத்தின் விலை, வரி காரணமாக ஒரே தாவலில் புட்டிக்குச் சுமார் 90 ஓரேயிலிருந்து 11 குரோனருக்கு ஏறியது. பதின்மடங்குக்கு மேல்! தேசம் முழுவதும் குடி குறைந்தது. ஆண்களின் ஆயுள் நீண்டதில் கறுப்பு ரொட்டிக்கு எவ்வளவு பங்கு, காலிப் புட்டிக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்வது கடினம். அவருடைய கணக்கு முடிகிற சமயத்தில்தான் 1918-ன் பெரிய விஷஜுரமும் வந்தது. ஆகவே 10.4 என்ற எண்ணை நான் தலையில் வைத்துக் கூத்தாடத் தயாரில்லை.

இன்னொரு விஷயம் என்னை இதைவிட அதிகமாகப் பாதித்தது. கோபன்ஹேகனில் கார்ல் எட்வர்ட் பிளாக் என்று ஒரு குழந்தை வைத்தியர் இருந்தார். யுத்த வருஷங்களில் அவரிடம் வறண்டு புண்ணான கண்களோடு ஏழைக் குழந்தைகள் அதிகம் அதிகமாக வந்தார்கள். சில குழந்தைகளுக்குப் பார்வையே போயிற்று. உலகத்திலேயே சிறந்த வெண்ணெய் கடைகிற தேசத்தின் குழந்தைகள் அவர்கள்! வெண்ணெய் பணத்துக்காக வெளிநாடு போயிற்று. குழந்தைகளுக்குக் கொழுப்பெடுத்த பாலும் தாவர எண்ணெய் மார்கரினும் மிஞ்சின. வெண்ணெயில் இருக்கிற 'ஏ' வைட்டமின் இல்லாமல் கண் போகிறது. 1917 கடைசியில் மார்கரினுக்கு எண்ணெய் வருவது நின்று, வெண்ணெய் வெளியே போவதும் தடைப்பட்டபோது, சர்க்கார் ஆளுக்கு வாரம் 250 கிராம் வெண்ணெய் என்று பங்கீடு செய்தது. 1918-ல் அந்தக் கண் வியாதி ஏறக்குறைய மறைந்தே போயிற்று.

ஆகவே பிராணியே வேண்டாம் என்பதல்ல டென்மார்க் சொன்ன பாடம். புல்லைப் பாலாக மாற்றுகிற பசு பந்தியில் பரிமாறுகிறவள். மனிதன் தின்னும் தானியத்தைப் பெரும் பங்கு தின்றுவிட்டுக் கொஞ்சம் மாமிசம் தருகிற பன்றி பந்தியில் உட்காருகிற விருந்தாளி. உபசரிக்கலாம்; ஆனால் வீட்டுக் குழந்தை சாப்பிட்ட பிறகு.

இந்தப் பாடத்தை இரண்டாவது உலக யுத்தத்தில் பிரிட்டன் நன்றாகப் படித்திருந்தது. பன்றிகளையும் கோழிகளையும் குறைத்தது, மேய்ச்சல் நிலத்தை உழுது தானியம் போட்டது, கறவை மாடுகளைக் காப்பாற்றியது. தவிடு அதிகம் போகாத மாவில் ஒரே விதமான தேசிய ரொட்டி, குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் முதலில் பால் என்று ஒழுங்கு செய்தது. டர்னிப் குளிர்காலத்தை நேரில் அனுபவித்த ஜெர்மனி வேறு பாடம் படித்தது. 'இனி நம் தட்டு காலியாகக் கூடாது, பிறர் தட்டு காலியாகட்டும்' என்பது ஹிட்லர் சர்க்காரின் முடிவு. ஹெர்பர்ட் பாக்கே என்ற அதிகாரி 1941-ல் தீட்டிய திட்டம், உக்ரேனியத் தானியத்தை எடுத்துக்கொண்டு சோவியத் ஜனங்களைக் கோடிக்கணக்கில் பட்டினி போடுவதை ஒளிக்காமல் எதிர்பார்த்தது. சாப்பாட்டுக் கணக்கு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

சமாதானம் வந்தது. கடல் திறந்தது. பன்றிகளும் திரும்பி வந்தன. ஆனால் இந்தத் தடவை அவற்றின் தொட்டியில் ஒரு புதுத் தீவனம் விழுந்தது: சோயாப் பிண்ணாக்கு.

சோயாவுக்கும் ஐரோப்பாவுக்கும் உள்ள உறவு ஒரு தவறிப்போன கல்யாணம் மாதிரி. 1873-ல் வியன்னாவில் நடந்த உலகக் கண்காட்சியில், ஃப்ரீட்ரிக் ஹேபர்லாண்ட் என்ற விவசாயப் பேராசிரியர் கீழை நாடுகளின் கூடங்களில் சோயா மொச்சையைப் பார்த்தார். விதைகளை வாங்கி வந்து 1875-ல் பயிரிட்டார். நன்றாக வந்தது. ஆஸ்திரிய சாம்ராஜ்யத்தின் பல பாகங்களிலிருந்த விவசாயிகளுக்கு விதையைக் கொடுத்துப் போடச் சொன்னார். இது ஏழைகளின் நல்ல உணவாகும் என்று நம்பினார். 1878-ல் சோயாவைப் பற்றி ஒரு புத்தகமும் வெளியிட்டார். அதே வருஷம் இறந்துபோனார். அவரோடு அந்த முயற்சியும் தளர்ந்தது. பின்னால் அமெரிக்கா அதே சோயாவைக் கையில் எடுத்து, எண்ணெயை ஆட்டிக்கொண்டு, பிண்ணாக்கை உலகத்துக்கு விற்கும் பெரு வியாபாரியாயிற்று.

1960-க்கும் 1962-க்கும் இடையில் ஜெனீவாவில் நடந்த வியாபாரப் பேச்சில் ஐரோப்பியப் பொதுச் சந்தை ஒரு கையெழுத்துப் போட்டது. தன் கோதுமைக்கும் வாற்கோதுமைக்கும் சுங்கத் தீர்வை என்ற உயர்ந்த மதில் எழுப்பிக்கொள்ள விரும்பியது. அதற்கு ஈடாக அமெரிக்கா ஒன்று கேட்டது: எண்ணெய் வித்தும் பிண்ணாக்கும் தீர்வையே இல்லாமல் வரவேண்டும். அப்போது சின்ன விஷயமாகத் தோன்றியது. சம்மதித்தார்கள். பயன் என்ன? உள்ளூர்த் தானியம் விலை அதிகம், கடல் கடந்த சோயா விலை குறைவு. ரோட்டர்டாம் துறைமுகத்தின் பின்புறத்திலும் பிரிட்டனி கடற்கரையிலும் டென்மார்க்கிலும் பன்றிப் பண்ணைகளும் கோழிப் பண்ணைகளும் பெருகின. நிலம் இங்கே வேண்டியதில்லை. நிலம் இலினாயில் இருக்கிறது.

இதனால் இன்னொன்றும் போயிற்று. பயறு இனத்துச் செடிகள் தங்கள் வேர் முடிச்சுகளிலுள்ள நுண்ணுயிர்களின் உதவியால் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து மண்ணில் சேர்க்கின்றன. 1880-களில் ஹெல்ரீகல், வில்ஃபார்த் என்ற இரண்டு ஜெர்மானியர்கள் இதை நிரூபித்தார்கள். ஆகையால்தான் பழைய விவசாயி தானியம் ஒரு வருஷம், பட்டாணியோ குளோவரோ ஒரு வருஷம் என்று மாற்றி மாற்றிப் போட்டான். மூட்டை உரம் மலிந்து, பிண்ணாக்கும் மலிந்த பிறகு பட்டாணிக்கு வயலில் வேலை இல்லாமல் போயிற்று. மண்ணுக்குக் கொடுக்கவும் வேண்டாம், மாட்டுக்குக் கொடுக்கவும் வேண்டாம் என்றால் அதை ஏன் விதைக்க வேண்டும்?

ஹேபர்லாண்ட் சோயாவைப் பார்த்துச் சரியாக நூறு வருஷம் கழித்து 1973 வந்தது. முந்தின வருஷம் பெரு நாட்டுக் கடலில் நெத்திலி இனம் திடீரென்று குறைந்து, தீவனத்துக்குப் போகும் மீன் தூள் கிடைக்காமல் போயிற்று. சோவியத் யூனியன் தானியத்தை ஏராளமாக வாங்கியது. அமெரிக்காவில் மாமிச விலை ஏறி, ஏப்ரலில் குடும்பப் பெண்கள் மாமிசம் வாங்குவதில்லை என்று ஒரு வாரம் கடைகளைப் பகிஷ்கரித்தார்கள். முந்தின வருஷம் புஷல் மூன்றரை டாலர் அளவில் இருந்த சோயா, ஜூன் மாதத்தில் 12 டாலரைத் தொட்டது. ஜூன் 27-ம் தேதி நிக்ஸன் சர்க்கார் ஒரு உத்தரவு போட்டது: சோயா ஏற்றுமதி நிறுத்தம். சில நாட்களில் அதைத் தளர்த்தி, பேசி முடித்த ஒப்பந்தங்களில் பாதியளவு சோயா போகலாம் என்றார்கள். இலையுதிர் காலத்துக்குள் தடையே நீங்கிவிட்டது. ஆனால் ஐரோப்பாவுக்கு உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. யுத்தமில்லை, முற்றுகையில்லை, நட்பு நாடு ஒன்று தன் குடும்பப் பெண்களின் கோபத்துக்குப் பயந்து ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டது, அவ்வளவுதான். கடலை மூட நீர்மூழ்கிக் கப்பல் வேண்டும் என்பதில்லை.

பயத்தில் பட்டாணி திரும்ப நினைவுக்கு வந்தது. 1978-ல் பட்டாணிக்கும் தீவன அவரைக்கும் பொதுச் சந்தை உதவித் தொகை கொடுக்க ஆரம்பித்தது. பிரான்ஸில் பட்டாணி வயல்கள் பரந்தன. எண்ணெய் வித்துக்களும் பெருகின. அமெரிக்கா ஆட்சேபித்தது, கையெழுத்தை ஞாபகப்படுத்தியது. 1992 நவம்பரில் வாஷிங்டனில் பிளேர் ஹவுஸ் மாளிகையில் ஒரு சமரசம் ஏற்பட்டது. எண்ணெய் வித்துக்கு உதவி பெறும் நிலம் சுமார் 51 லட்சம் ஹெக்டேருக்கு மேல் போகக் கூடாது என்று எல்லை கட்டினார்கள். பயறுக்கும் பழைய சலுகை நிலைக்கவில்லை. ஜப்பான் செய்தது வேறு. அதே தடையினால் அதிர்ந்துபோன ஜப்பான், பிரேஸில் நாட்டின் செராடோ சமவெளியில் சோயா பயிராக்கப் பணமும் நிபுணர்களும் கொடுத்து உதவியது. பிரேஸில் உலகத்தின் பெரிய சோயா தேசமாயிற்று. ஐரோப்பாவும் அங்கே போய்க் கை நீட்டியது.

நடுவில் மலிவுக்கு இன்னொரு குறுக்கு வழி பார்த்தார்கள். வெட்டிய பிராணிகளின் எலும்பையும் கழிவையும் அரைத்துத் தூளாக்கி, புல் தின்னும் மாட்டுக்கே போட்டார்கள். 1986-ல் பிரிட்டனில் மாட்டுக்குப் பைத்தியம் பிடித்தது. பின்னால் அது மனிதர்களையும் தொற்றிக் கொன்றது. 2001 தொடக்கத்தில் பண்ணைப் பிராணிகள் எதற்குமே அந்தத் தூள் கூடாது என்று ஐரோப்பா தடை போட்டது. நியாயமான தடை. ஆனால் அந்த இடத்தையும் சோயாவே நிரப்பிற்று. இருபது வருஷம் கழித்து 2021-ல், பன்றியின் மிச்சத்தைக் கோழிக்கும் கோழியின் மிச்சத்தைப் பன்றிக்கும் போடலாம், இரண்டுக்கும் புழுப் பூச்சிகளையும் வளர்த்துப் போடலாம் என்று கதவை லேசாகத் திறந்தார்கள். மாட்டுக்குக் கதவு மூடியே இருக்கிறது.

2018-ல் ஐரோப்பியக் கமிஷன் ஒரு கணக்கு வெளியிட்டது. வருஷத்துக்குச் சுமார் 1 கோடியே 70 லட்சம் டன் தாவரப் புரதம் வெளியிலிருந்து வருகிறது. அதில் 1 கோடியே 30 லட்சம் டன் சோயாவினுடையது. தனக்கு வேண்டிய சோயாவில் ஐரோப்பா தானே விளைவிப்பது 5 சதவிகிதம்தான். அந்தச் சோயாவுக்காகத் தென் அமெரிக்காவில் காடுகள் அழிகின்றன என்ற குற்றச்சாட்டும் சேர்ந்துகொண்டது. காட்டை அழித்து விளைந்த சரக்கை வாங்கமாட்டோம் என்று 2023-ல் ஒரு சட்டம் செய்தார்கள். அது அமலுக்கு வரும் தேதியை ஒரு தடவைக்கு மேல் தள்ளிப் போட்டார்கள். 2012-ல் வியன்னாவில் தொடங்கிய ஒரு சங்கம் டானூப் நதிப் பிரதேசத்திலேயே சோயா பயிரிடச் சொல்லி வேலை செய்கிறது. ஹேபர்லாண்டின் ஆவி இருந்தால் சந்தோஷப்படும். கொஞ்சம் தாமதம் என்றும் சொல்லும்.

டென்மார்க் என்ன ஆயிற்று என்று வாசகர்கள் கேட்கலாம். சுமார் 60 லட்சம் ஜனங்கள் வாழும் அந்தத் தேசத்தில் இன்று வருஷத்துக்கு மூன்று கோடி அளவில் பன்றிகள் வளர்க்கிறார்கள். ஹிண்ட்ஹெடே 1945-ல் காலமானார். அவர் சொன்னதை மறந்து வெகு காலமாயிற்று என்று நினைத்திருந்தேன். 2021-ல் அந்தச் சர்க்கார் தாவர உணவுகளை வளர்க்க ஒரு நிதி ஏற்படுத்தியது. 2023 அக்டோபரில் தாவர உணவுக்கென்றே ஒரு தேசியத் திட்டத்தை வெளியிட்டது. ஒரு சர்க்கார் அப்படிச் செய்தது அதுவே முதல் தடவை என்கிறார்கள். ஆர்ஹூஸ் சர்வகலாசாலையில், புல்லையும் குளோவரையும் பிழிந்து சாறெடுத்து, அதிலிருந்து பன்றிக்கும் கோழிக்கும் ஏற்ற புரதத்தைப் பிரிக்கிறார்கள். பன்றியைப் பந்தியிலிருந்து எழுப்ப முடியாவிட்டால் அதன் இலையில் புல்லையாவது பரிமாறலாம் என்ற யோசனை. எனக்கு அது பிடித்திருக்கிறது.

இந்தத் திட்டங்கள் வெற்றி பெறுமா என்று ஜோசியம் சொல்ல நான் தகுந்தவன் அல்ல. ஆனால் 1917-ல் கறுப்பு ரொட்டி சாப்பிட்டவர்களுக்கு ஒரு சௌகரியம் இருந்தது: வேறு வழி இல்லை. கடல் மூடியிருந்தது. அது திறந்த உடனே பழைய தொட்டியும் திறந்துகொண்டது. இப்போது கேட்கப்படுவது அதைவிடக் கடினமான காரியம். கப்பல்கள் தடையில்லாமல் வந்துகொண்டிருக்கும்போது, கடையில் எல்லாம் கிடைக்கும்போது, யாரும் அதட்டாமல், ஒரு வயலில் பட்டாணி விதைக்க வேண்டும். விதைக்கிற விவசாயிக்கு அதில் நஷ்டம் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். 1915-ல் கிழங்கை மறைத்தவன் கெட்டவன் அல்ல, விலை அவனை மறைக்க வைத்தது. விளைந்ததை மனிதன் சாப்பிடவும் வேண்டும். பசி வந்தபோது நியாயமாகப் பங்கிடத் தெரிந்துகொண்ட ஜனங்கள், வயிறு நிறைந்திருக்கும்போதும் அந்த ஒழுங்கை ஞாபகம் வைத்திருப்பார்களா? ஹிண்ட்ஹெடேயின் சோதனையில் இந்தப் பகுதி மட்டும் இன்னும் செய்யப்படாமல் பாக்கி இருக்கிறது.